பலூன் ஏன் விரியவில்லை?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கிளம்புங்கள். மண்ணிவாக்கம் தாண்டி, படப்பை கடைத்தெரு நெரிசலில் கொஞ்சம் பொறுமையைப் பறிகொடுத்து, இன்னும் மேற்கே போனால் ஒரகடம் கூட்டுரோடு. வலது கைப் பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி. இன்றைக்கு வழி நெடுக ஆலைகள், உதிரிபாகக் கம்பெனிகள், ஷிஃப்ட் பஸ்கள், புத்தம் புது கார்களை அடுக்கிச் சுமந்துகொண்டு போகும் நீள நீள டிரெய்லர் லாரிகள்.

அந்த லாரியில் போகிற காரில் ஒன்று நாளைக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். வாங்குமுன் என்னவெல்லாம் பார்ப்பீர்கள்?

நாம் சாமான்யமாக எதையும் நம்புகிற ஆட்கள் இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்போம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போம். ஷோரூமிலும் அப்படித்தான். ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்போம். டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்ப்போம். கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடி, பிள்ளைகளைத் தலை நீட்டச் சொல்லி போட்டோவும் எடுப்போம். பிற்பாடு அந்த ஸ்கிரீன் உறைந்து போய் நின்றால் எரிச்சல்தான். ஆனால், உயிர் போகிற விஷயம் இல்லை.

அதே காரில் ஒரே ஒரு சமாசாரத்தை மட்டும் உங்களால் சோதித்துப் பார்க்கவே முடியாது. ஸ்டீயரிங் நடுவில் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக். டெஸ்ட் டிரைவில் அதை விரித்துக் காட்டச் சொல்ல முடியுமா? அது வேலை செய்கிறதா, இல்லையா என்று தெரியப்போவது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. தெரிந்த பிறகு புகார் சொல்ல நாம் இருப்போமா என்பதும் அந்த ஒரு தடவையில்தான் முடிவாகும்.

அப்படி ஒருவர் புகார் சொல்ல மிஞ்சினார். நாலரை வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

தென் கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-ல் இந்தியாவில் கால் வைத்தது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஆலை. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2015 ஜூலையில் அதே ஆலையிலிருந்து 'க்ரெட்டா' என்ற எஸ்.யு.வி. வந்தது. கோடீஸ்வரர்களின் வண்டி இல்லைதான். ஆனால், சின்ன காரிலிருந்து பெரிய காருக்கு மாற நினைத்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுதான் சொகுசு. விலை உயர்ந்த மாடல்களில் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் இத்யாதி.

டெல்லியில் ஒருவர் 2015 ஆகஸ்ட் 21 அன்று அந்த வண்டியை வாங்கினார். பாதுகாப்பு வசதிகளைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பது பிறகு அவர் கோர்ட்டில் சொன்னது. 2017 நவம்பர் 16. டெல்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. வண்டியின் முன்பக்கம் நொறுங்கியது. தலையில் அடி, மார்பில் அடி, பல்லில் அடி. ஏர்பேக்?

விரியவே இல்லை!

மனிதர் டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். கம்பெனி சொன்ன பதிலின் சாரம் இதுதான்: 'ஏர்பேக் எல்லா மோதலுக்கும் விரியாது. முன்பக்கத்திலிருந்து போதுமான விசையுடன் மோதல் நிகழ வேண்டும். இந்த விபத்தில் அவ்வளவு விசை இல்லை.'

உடனே கோபப்படாதீர்கள். கம்பெனிக்காரர் சொன்னதில் பொறியியல் ரீதியாக உண்மை இருக்கிறது. அது புரிய வேண்டுமானால், ஏர்பேக் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

1952. அமெரிக்காவின் பென்சில்வேனியா. ஜான் ஹெட்ரிக் என்ற இன்ஜினீயர் மனைவியுடனும் சின்னப் பெண்ணுடனும் காரில் உலாப் போனார். திடீரென்று பாதையில் ஒரு பாறை. சடாரென்று வண்டியை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினார். அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் தன்னிச்சையாகச் செய்த காரியம், நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு முன்னால் கையை நீட்டியது. நீங்களும் செய்திருப்பீர்கள். பிரேக் போட்டால் இடது கை தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போகும்.

அந்தக் கைக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்து தடுத்தால் என்ன? ஹெட்ரிக் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்தவர். அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் டார்பிடோவைப் பழுது பார்க்கும்போது, அதன் உறை திடீரென்று வீங்கிப் பறந்தது ஞாபகம் வந்தது. காற்றடைத்த மெத்தை ஒன்றை வரைந்தார். 1953 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. கார் கம்பெனிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 17 வருடக் காப்புரிமை 1970-ல் காலாவதியானபோது, அந்த யோசனையை வைத்து எந்தக் காரும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை.

சிக்கல் பையில் இல்லை, நேரத்தில் இருந்தது. கார் மோதிய பிறகு உங்கள் தலை ஸ்டீயரிங்கைத் தொட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பையை நிரப்பியாக வேண்டும். 1960-களின் கடைசியில் ஆலன் பிரீட் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னக் குழாய்க்குள் ஓர் இரும்புக் குண்டு, அதைப் பிடித்து வைக்க ஒரு காந்தம். கார் சாதாரணமாகக் குலுங்கினால் குண்டு நகராது. பலமாக மோதினால் காந்தப் பிடியை உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்து மின் இணைப்பைத் தொடும். எளிமையான கருவி. ஆனால், ஏர்பேக் நடைமுறைக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

காற்றை நிரப்ப பம்ப் எல்லாம் கிடையாது. வெடிதான்! பழைய ஏர்பேக்குகளில் சோடியம் அஸைடு என்ற ரசாயனம் இருந்தது. பற்ற வைத்தால் சட்டென்று நைட்ரஜன் வாயுவாகும். மோதலிலிருந்து ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரத்தில் பை நிரம்பிவிடும். உங்கள் முகம் அதில் புதைந்ததும், பின்புறத் துளைகள் வழியாக வாயு வெளியேறி, பை சுருங்கத் தொடங்கும். கண் சிமிட்டி முடிப்பதற்குள் நாடகம் முடிந்துவிடும்.

1970-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 10,000 கார்களில் இதை வைத்து விற்றது. கிராக்கி இல்லை, நிறுத்திவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் உயர்தர எஸ் கிளாஸ் கார்களில் கொண்டு வந்தது. அதாவது, ஏர்பேக் பணக்கார வீட்டுப் பிள்ளையாகத்தான் வளர்ந்தது.

இப்போது கம்பெனியின் வாதத்துக்கு வருவோம். 1990-களில் அமெரிக்கா எல்லா கார்களிலும் ஏர்பேக்கைப் பரவலாக்கியபோது விபரீதமான செய்திகள் வந்தன. மெதுவாக மோதிய விபத்துகளில், பிழைத்திருக்க வேண்டியவர்கள் செத்துப் போனார்கள். கொன்றது ஏர்பேக்! முன் சீட்டில் உட்கார்ந்த குழந்தைகள், ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் குள்ளமான பெண்கள், பெல்ட் போடாதவர்கள். வெடித்து வரும் பை அவர்கள் முகத்தில் அறைந்தது. 1990-லிருந்து 2008 வரை இப்படி இறந்தவர்கள் 290 பேருக்கு மேல் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பெரும்பாலான சாவுகள் 1998-க்கு முந்தைய மாடல்களில். அப்புறம்தான் பையின் வேகத்தைக் குறைத்தார்கள். எந்த மோதலுக்கு விரிய வேண்டும், எதற்கு விரியக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு நுணுக்கமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கெட்டியான சுவரில் நேராக மோதினால் மணிக்கு சுமார் 16 முதல் 26 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விரியும் என்பது பொதுவான கணக்கு.

ஆக, தேவையில்லாத இடத்தில் விரிந்தால் ஆபத்து. தேவையான இடத்தில் விரியாவிட்டால் அதைவிட ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது கம்பெனி. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று காசு கொடுத்து வாங்கியவருக்குத் தெரியாது.

டெல்லிக்காரரின் வழக்கில் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இந்த முடிச்சைத்தான்.

மாநில ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 50,000. கூடவே வண்டியையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். கம்பெனி தேசிய ஆணையத்துக்குப் போனது. 2021 ஜனவரியில் அங்கேயும் தோல்வி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 20 அன்று நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு தீர்ப்பு சொன்னது. கம்பெனியின் மேல்முறையீடு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பில் சொன்ன நியாயத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி வாங்கும் சாதாரண மனிதர், முன்பக்கம் மோதினால் அது விரியும் என்றுதான் நினைப்பார். திசைவேகம், விசை என்று கணக்குப் போட்டுப் பார்க்க அவர் ஒன்றும் பௌதிக நிபுணர் இல்லை. அப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விவேகமுள்ள ஒரு வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் பாதுகாப்பைத் தராத ஏர்பேக்கை விற்றால், மற்றவர்களுக்கும் பாடமாகும்படி தண்டனைத் தொகை விதிப்பதுகூடப் பொருத்தம்தான் என்றார்கள்.

வக்கீல்கள் லத்தீனில் 'ரெஸ் இப்ஸா லாக்விட்டர்' என்பார்கள். நடந்த விஷயமே பேசும் என்று அர்த்தம். நொறுங்கிய முன்பக்கமும் மடித்தபடியே கிடந்த ஏர்பேக்கும் சாட்சி சொல்லும்போது, காயம் பட்டவர் வேறு நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியது செய்து விற்றவர்தான்.

இது ஒரு வண்டியின் கதை. ஏர்பேக் விஷயத்தில் நமக்கு வேறு மாதிரியான ஏமாற்றமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து படப்பைப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து கட்டிய ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து வந்த 'டட்சன் கோ' என்ற மலிவு விலைக் காரை 'குளோபல் என்கேப்' அமைப்பு 2014-ல் சுவரில் மோதிப் பார்த்தது. ஐந்துக்குக் கிடைத்தது பூஜ்யம். அதில் ஏர்பேக்கே கிடையாது. 'ஏர்பேக் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, உடம்புக்கூடே தாங்கவில்லை' என்றார்கள் சோதித்தவர்கள். விற்பனையை நிறுத்தச் சொல்லி, அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, நிஸானின் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமே எழுதினார்.

மலிவு கார், அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். சரி, 2017-க்கு வாருங்கள். அதே ஆலையின் எஸ்.யு.வி.யான 'டஸ்டர்' சோதனைக்குப் போனது. ஏர்பேக் இல்லாத மாடலுக்குப் பூஜ்யம். டிரைவர் ஏர்பேக் வைத்த மாடலுக்கு மூன்று நட்சத்திரம். பரவாயில்லையே என்று நினைக்கும்போது சோதித்தவர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். லத்தீன் அமெரிக்காவில் விற்ற டஸ்டரில் இருந்த ஏர்பேக்கைவிட, இந்திய டஸ்டரின் ஏர்பேக் அளவில் சிறியது! அங்கே அந்த வண்டி நான்கு நட்சத்திரம் வாங்கியிருந்தது. இந்திய வண்டியின் சின்னப் பையில் தலை சரியாகப் பொருந்தவில்லை.

யோசித்துப் பாருங்கள். விளம்பரத்தில் 'ஏர்பேக் உண்டு' என்று எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால், எவ்வளவு பெரிய ஏர்பேக் என்று எந்த ஷோரூமில் யார் கேட்டிருப்பார்கள்? புடவைக்கு முழம் போட்டுப் பார்க்கிறோம். இதை எதை வைத்து அளப்பது?

நமக்காக அளக்கும் வேலையை அரசாங்கம் தாமதமாகத்தான் கையில் எடுத்தது. டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கு 2021-ல் புது மாடல்களில் தொடங்கி, அந்த வருடக் கடைசிக்குள் எல்லா கார்களுக்கும். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் பேச்சு எழுந்து, ஒரு வருடம் தள்ளிப் போய், 2023-ல் கைவிடப்பட்டது. பதிலாக 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' வந்தது. கம்பெனிகள் விரும்பினால் தங்கள் காரைச் சோதனைக்குக் கொடுத்து நட்சத்திரம் வாங்கிக்கொள்ளலாம். காரை வேண்டுமென்றே மோதி, உள்ளே உட்கார வைத்த பொம்மையின் தலைக்கும் மார்புக்கும் எவ்வளவு அடி என்று பார்ப்பார்கள். இந்த மாதிரி மோதல் ஆராய்ச்சிக்கான அரசாங்கக் கூடம் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் அமைந்த வாகன ஆராய்ச்சி மையம் அது.

நட்சத்திரம் பார்த்து வாங்கிவிட்டால் நிம்மதியா? முழுசாக இல்லை. விரிந்த ஏர்பேக்கே எமனான கதை ஒன்று பாக்கி இருக்கிறது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் உலகின் பெரிய பெரிய கார் கம்பெனிகளுக்கெல்லாம் ஏர்பேக் விற்றது. ஹோண்டாவிலிருந்து பி.எம்.டபிள்யூ. வரை. பையை நிரப்பும் வெடிமருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரக்காற்றும் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். கெட்டுப்போனால் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சில்லு சில்லாக ஓட்டுபவர் மேல் வீசும். சின்ன மோதலில் கழுத்தறுபட்டுச் செத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா, மலேசியா என்று புழுக்கமான ஊர்களில்தான் ஆபத்து அதிகம். நம் சென்னை வெயிலும் புழுக்கமும் உங்களுக்குத் தெரியாததல்ல. உலக சரித்திரத்தின் மிகப்பெரிய வாகன ரீகால் அது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் பாகங்களைத் திரும்ப அழைத்தார்கள். இந்தியாவிலும் ஹோண்டா போன்ற கம்பெனிகள் லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தன. டகாட்டா 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே வருடம் திவால்.

அதனால், பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் கொடுத்து, ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இலவசமாக மாற்றித் தருவார்கள்.

கம்பெனிகளை இவ்வளவு கேட்டாயிற்று. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

ஏர்பேக் இருக்கும் இடத்தில் 'எஸ்.ஆர்.எஸ்.' என்று மூன்று எழுத்து பொறித்திருக்கும். அதன் முதல் எழுத்துக்கு 'துணை' என்று அர்த்தம். எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு! பெல்ட்தான் கதாநாயகன். ஏர்பேக் வெறும் தோழன். பெல்ட் போட்டு நிதானமாக முன்னால் வரும் உடம்பைத் தாங்குவதற்காகத்தான் அந்தப் பை வடிவமைக்கப்பட்டது.

2022 செப்டம்பர் 4. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்தார். மெர்சிடிஸ் ஜி.எல்.சி. சொகுசு எஸ்.யு.வி. பால்கர் அருகே பாலத்துச் சுவரில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். எவ்வளவு உயர்ந்த டெக்னாலஜியும் பெல்ட் போடாதவரிடம் தோற்றுப் போகும். அந்த 2022-ல் மட்டும் சீட் பெல்ட் போடாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 16,715 பேர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லும் கணக்கு இது.

இன்னொரு கூத்தும் நடந்தது. பெல்ட் போடாவிட்டால் கார் 'டிங் டிங்' என்று கத்துமே, அதை வாயடைக்க ஒரு கிளிப் இணையக் கடைகளில் சக்கைப்போடு போட்டது. பெல்ட் கொக்கி நுழையும் இடத்தில் அதைச் செருகிவிட்டால் கார் ஏமாந்துவிடும். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. காரை ஏமாற்றக் காசு கொடுத்திருக்கிறோம்! அதேபோல, கெத்துக்காக முன்பக்கம் இரும்புக் கம்பி பூட்டுகிறவர்கள் ஏர்பேக்கின் சென்சார் கணக்கையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அந்தக் கம்பிகளுக்குத் தடை சொல்லியாயிற்று.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஏர்பேக் விரியவில்லை என்றால்?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. தயாரிப்பில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு மட்டுமல்ல, தேவையான எச்சரிக்கையைச் சரியாகச் சொல்லாமல் விட்டதும் அதன்படி தயாரிப்பாளரின் பொறுப்பு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நொறுங்கிய வண்டியை மெக்கானிக் கை வைப்பதற்கு முன்னால் நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்காரரின் வழக்கில் மோதலின் கடுமையைச் சொன்னது அப்படிப்பட்ட படங்கள்தான்.

வழக்குப் போடும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம். அதற்கு முன்னால், ஷோரூமில் காபி கொடுத்து உட்கார வைத்து ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று சொல்லத் தொடங்குவார்கள் அல்லவா... அப்போது அந்தப் பையனைக் கொஞ்சம் நிறுத்தி, ஒரு கேள்வி கேளுங்கள்.

'தம்பி, இந்த ஏர்பேக் எப்போதெல்லாம் விரியாது?'

அவர் முழிக்கலாம். மேனேஜரைக் கூப்பிடலாம். புத்தகத்தைப் புரட்டலாம். பரவாயில்லை, காத்திருங்கள். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.